மூன்று முறை கூப்பிடுவார்கள்

1942 மார்ச் மூன்றாம் கிழமையில் அந்த அறிவித்தல் தோட்டக் கந்தோர்க் கதவில் ஒட்டப்பட்டது. பொழுது பட்டதிலிருந்து விடியும் வரை வாவிக்கரை றோட்டில் நடமாடுகிறவர் எவரும், யுத்தக் காவலுக்கு நிற்கும் சிப்பாய் கூப்பிட்டால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மூன்று முறை கூப்பிடுவார்கள். மூன்றாவது முறைக்கும் நிற்காதவர் சுடப்படுவார்.

கிளாக்கர் கனகசிங்கம் அதை இங்கிலீசில் வாசித்துத் தமிழில் சொல்லி முடித்தார். முற்றத்தில் நின்றவர்கள் கலையத் தொடங்கினார்கள். ஆதம்பாவா மட்டும் நின்ற இடத்தில் நின்று எஞ்சின் கொட்டகையைப் பார்த்தான். அங்கே லோகன் துரை இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தபடி குனிந்திருந்தார்.

"கிளாக்கர் ஐயா, நம்மட எஞ்சின் துரைக்கு இது எப்பிடிக் கேக்கும்?"

"எது?"

"கூப்பிடுற சத்தம்."

கனகசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "அட, அந்தாளுக்குக் காது கேக்காதெண்டதே எனக்கு மறந்து போச்சுடாப்பா."

நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கும் அது மறந்துதான் போயிருந்தது. மட்டக்களப்பில் தன்னாமுனைக்கு அருகிலிருந்த அந்தத் தென்னந்தோட்டத்துக்கு ஹியூ லோகன் வந்து இருபத்தொரு வருடம். எண்ணெய் ஆலையின் இயந்திரம் அவர் பொறுப்பு. பாம்பைக் கண்டால் "துரை, பாம்பு!" என்று இன்னும் அவரைப் பார்த்துக் கத்துவார்கள். அவர் திரும்பாவிட்டால் அசட்டை என்று நினைத்துக் கோபிப்பார்கள். கத்தியவனுக்கு நினைவு வர ஒரு நிமிடம் பிடிக்கும்.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் ஆதம்பாவா நினைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நாளும் வெள்ளி முளைத்துக் கிழக்கு வெளுக்கும் முன்னர் லோகன் தோட்டத்து வாசலில் இருந்து ஓடத் தொடங்குவார். வாவிக்கரை றோட்டில் தெற்கே இரண்டு மைல் ஓடி, மதகுக்குக் கிட்டத் திரும்பி, இயந்திரம் தொடங்கும் நேரத்துக்கு வந்துவிடுவார். காவல் போட்டிருப்பது அந்த மதகில்.

ஆதம்பாவா ஏறாவூரான். முப்பத்தெட்டு வயது, நாலு பிள்ளைகள். பதினாறு வருடமாக லோகனுடன் இயந்திரத்தில் வேலை செய்கிறான். தோட்டத்து உதைபந்தாட்ட அணியில் பின்வரிசைக்காரன். லோகனோடு விரலால் பேசத் தெரிந்த ஒரே ஆளும் அவன்தான். இங்கிலீசு எழுத்துகளை அவன் கடதாசியில் படித்தவனில்லை. இடக்கையின் ஐந்து விரல்நுனிகளும் ஐந்து உயிரெழுத்து, மற்ற எழுத்துகளுக்கு இரண்டு கையும் சேர வேண்டும் என்பதாகத்தான் அந்த மொழி அவனுக்குள் வந்தது. அதில் அவன் பெண்சாதியிடம் சொல்லாததையும் லோகனிடம் சொல்லியிருக்கிறான். சத்தமில்லாத பேச்சில் வெட்கம் குறைவு.

1931இல் அவன் சட்டைக் கை இயந்திரத்தின் வாரில் மாட்டியது. ஆலையில் இருந்த அத்தனை பேரும் அலறினார்கள். கொட்டகைக்கு வெளியே சுவரில் சாய்ந்திருந்த லோகன், சுவரின் நடுக்கம் மாறியதை முதுகால் அறிந்து, ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினார். ஆதம்பாவாவின் கை அவனிடமே இருக்கிறது.

அவருடைய கதையை அவன் எழுத்தெழுத்தாகத்தான் கேட்டு அறிந்தான். ஸ்கொட்லாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். நாலு வயதில் ஒரு காய்ச்சல் காதைக் கொண்டுபோனது. காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் விரலால் பேசவும் பந்து உதைக்கவும் பழகினார். பதினெட்டாம் வயதில் காது கேட்கிறவர்களின் கழகம் ஒன்று அவரைச் சம்பளத்துக்கு எடுத்தது. வலப்பக்கக் கோட்டோரம் பந்தோடு ஓடுவது அவர் வேலை. றெபரி விசில் ஊதும்போதெல்லாம் லேஞ்சி என்கிற வெள்ளைக் கைக்குட்டையையும் உயர்த்துவார். அதைப் பார்த்து லோகன் நிற்பார். கழகத்தின் முதலாளி, மூன்றாம் வருடம், சுவரொட்டியில் 'காதில்லாத ஓட்டக்காரன், வந்து பாருங்கள்' என்று அச்சடித்தார். சனம் வந்தது. அவருக்குப் பின்னால் நின்று தகரம் தட்டிப் பார்த்தது.

நாட்டு அணிக்கு ஆள் தெரிவுசெய்யும் ஆட்டத்துக்கு அவர் பெயர் ஒருமுறை பட்டியலில் ஏறியது, இரண்டு நாளில் இறங்கியது. தலைவன் கூப்பிட்டால் இவன் என்ன செய்வான் என்று யாரோ கேட்டார்களாம். அப்போது பெரிய யுத்தம் தொடங்கியது. பட்டாளம் அவரை எடுக்கவில்லை. டிராம் வண்டியில் ஒரு பெண் அவர் சட்டையில் வெள்ளை இறகு ஒன்றைக் குத்திவிட்டாள். ஆட்டம் பார்க்க வருகிறவள் என்று நினைத்து அவர் சிரித்து, அன்று முழுக்க அதைக் குத்தியபடியே திரிந்தார். சண்டைக்குப் போகாத கோழைக்குக் கொடுக்கும் இறகு அது என்பது மறுநாள்தான் தெரிந்தது. காது கேளாமை முகத்தில் எழுதியிருப்பதில்லை.

யுத்தம் முடிந்தபின் கப்பற்பட்டறையில் இயந்திரம் பூட்டும் பிற்றர் வேலை பார்த்தவர், இலங்கையில் ஓர் எண்ணெய் ஆலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டு எழுதிப் போட்டார். காது கேட்குமா என்று விளம்பரம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சம்பளத்துக்குப் பந்து ஆடுவதை அங்கே விட்டுவந்தார். காலை ஓட்டத்தையும் லேஞ்சிப் பழக்கத்தையும் கொண்டுவந்தார். கால் முறியாமல் பத்து வருடம் ஆடினேன் என்பதுதான் அவர் பெருமையாகச் சொல்லும் ஒரே விடயம். தோட்டத்து அணியில் அவர் வைத்த சட்டமும் ஒன்றே ஒன்று: பின்னாலிருந்து யார் காலையும் வாராதே. அப்படி விழுத்துபவனை ஒரு மாதம் ஆட விடமாட்டார்.

அறிவித்தல் ஒட்டிய அன்றே ஆதம்பாவா அவரிடம் விரலால் கேட்டான். வெளிச்சம் வந்தபின் ஓடினால் என்ன?

"வெளிச்சம் வந்தால் வெயில். வெயில் வந்தால் இயந்திரம்."

"நிற்காவிட்டால் சுடுவார்கள்."

"என் நாட்டுப் பட்டாளம்" என்று லோகன் எழுத்துக் கூட்டினார்.

கனகசிங்கம் ஒரு யோசனை சொன்னார். 'இவருக்குக் காது கேளாது' என்று இங்கிலீசில் பெரிதாக எழுதி நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடட்டும். அவரே அழகாக எழுதியும் கொடுத்தார். லோகன் அந்தக் கடதாசியை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். நாலாக மடித்தார். இயந்திரத்தின் அடுப்பில் போட்டார்.

அன்றிரவு சோறு போட்டபடி அவன் பெண்சாதி சித்தி நபீஸா கேட்டாள்: "வெள்ளக்காரன வெள்ளக்காரன்ட பட்டாளமே சுடுமா? நீங்க வேற."

"இருட்டுல தோலுக்கு ஏதுகா நிறம்?"

"இஞ்ச பாருங்க, அவருக்குப் புள்ள இல்ல, குட்டி இல்ல. உங்களுக்கு நாலு இரிக்கி. அவரு ஓடினா நீங்க ஏன் வேர்க்கிறீங்க?"

அவன் புறங்கையால் நெற்றியைத் துடைத்தான். உண்மையாகவே வேர்த்திருந்தது.

மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு வழி தோன்றியது. மதகில் நின்றது கொழும்புப் பக்கத்துப் பட்டாளம், முப்பது பேர். மாலையில் பொழுது போகாமல் றோட்டில் பந்து உதைப்பார்கள். அவர்களைத் தோட்டத்து மைதானத்துக்கு ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் முப்பது பேரும் லோகனின் முகத்தைப் பார்ப்பார்கள். ஆனால் முகத்தைப் பார்த்தால் போதாது. இருட்டில் முகம் தெரியாது. அவர் ஓடும் ஓட்டத்தையும், அவருக்குக் கேட்காது என்பதையும், மறக்க முடியாதபடி பார்க்க வேண்டும்.

ஆட்டத்துக்கு றெபரி கனகசிங்கம். தொடங்கும் முன்னர் ஆதம்பாவா அவரை ஒரு தென்னைக்குப் பின்னால் கூட்டிப்போனான்.

"ஐயா, இண்டைக்கு ஒருக்கா மட்டும் லேஞ்சியக் காட்டாதிங்க."

"என்ன?"

"விசில மட்டும் ஊதுங்க. அவனுகள் கண்ணால காணட்டும். நாம சொன்னா நம்ப மாட்டானுகள்."

"அது மனிசனுக்குச் செய்யிற வேலையா, ஆதம்பாவா? இருபது வருசமா அந்தாள் அந்த லேஞ்சிய நம்பித்தானே நிக்கிறார்."

"மவுத்தாப் போறதுக்கு இது நல்லம்தானே?"

கனகசிங்கம் லேஞ்சியைக் களிசான் பைக்குள் திணித்தார். "மறுகா அவர் என்னக் கேட்டா, நீதான் சொன்னயெண்டு சொல்லிப் போடுவன்."

"சொல்லுங்க."

இரண்டாம் பாதியில் ஒரு சிப்பாயின் கையில் பந்து பட்டது. விசில் ஊதியது. இருபத்தொரு பேர் நின்றார்கள். லோகன் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டோரமாகப் பறந்தார். நாற்பத்தொன்பது வயதில் அந்த ஓட்டத்தைப் பார்த்த சிப்பாய்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள். இரண்டாவது விசில். அவர் ஒருவரும் இல்லாத இடத்தில் ஒருவரை ஏமாற்றுவதுபோல வளைந்து, அசையாமல் நின்ற கோல்காரனைத் தாண்டிப் பந்தை உள்ளே அடித்தார். கையை உயர்த்திக்கொண்டு திரும்பினார்.

மைதானம் முழுக்கச் சிலைபோல நின்றது. பிறகு சிரிப்புத் தொடங்கியது. அது அவருக்குக் கேட்காது. ஆனால் முப்பது பேரின் பற்கள் தெரிந்தன. ஓர் இளம் சிப்பாய் அவருக்குப் பின்னால் வந்து தலைக்குக் கிட்டக் கையைத் தட்டிப் பார்த்தான். அவர் அசையவில்லை. மற்றவர்கள் இன்னும் சிரித்தார்கள்.

லோகன் கனகசிங்கத்தைப் பார்த்தார். வாயில் விசில் இருந்தது. கைகள் வெறுமையாகத் தொங்கின. அடுத்து ஆதம்பாவாவைப் பார்த்தார். ஆதம்பாவா கண்ணைத் தாழ்த்தினான். அதற்கு மேல் ஒருவரும் அவரிடம் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பதினொரு நாள் நிம்மதியாகப் போயின. விடியற்காலையில் மதகில் நின்ற சிப்பாய்கள் அவரைக் கண்டதும் டோர்ச்சை ஆட்டினார்கள். ஒருவன் விளையாட்டுக்கு அவரோடு கொஞ்சத் தூரம் ஓடியும் போனான். ஆதம்பாவா இரவில் நித்திரை கொண்டான். லோகன் மட்டும் அவனோடு பேசுவதை விட்டிருந்தார். எண்ணெய், வார், நிறுத்து என்ற மூன்று சொல்லுக்கு மேல் அவர் விரல்கள் அசையவில்லை.

பன்னிரண்டாம் நாள் மூன்று லொறிகள் வந்து அந்தப் பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு திருகோணமலைப் பக்கம் போயின. வேறு மூன்று லொறிகளில் புதியவர்கள் இறங்கினார்கள். வடஇந்தியாவின் எந்த மூலையோ தெரியாது. மெலிந்த, மீசை அரும்பிய பொடியன்கள். தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. இங்கிலீசில் கூப்பிடுவதற்கு வேண்டிய இரண்டு மூன்று சொல் தெரியும். கனகசிங்கம் லோகனைப் பற்றி ஒரு கடிதம் எழுதி எடுத்துப் போனார். அவர்களுடைய ஹவில்தார் எழுந்து நின்று அதை மரியாதையாக வாங்கி, மடித்தபடியே சட்டைப் பையில் வைத்து, "யெஸ், யெஸ்" என்றான்.

"விளங்கினதா ஐயா அவனுக்கு?"

"யெஸ் எண்டான்" என்றார் கனகசிங்கம்.

ஏப்ரல் ஐந்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கொழும்பில் குண்டு விழுந்தது. செய்தி பின்னேரம் செங்கலடிச் சந்திக்கு வந்து, அங்கிருந்து வண்டிகளோடு எல்லாப் பக்கமும் போனது. எத்தனை பேர் செத்தார்கள் என்பது ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு விதமாக இருந்தது. கடைக்காரர்கள் கதவை அடைத்தார்கள். கிரான் பக்கம் இனசனம் இருந்தவர்கள் பாயும் சட்டியுமாகப் புறப்பட்டார்கள். இன்னொரு கதையும் வந்தது. ஜெர்மன்காரன் குடையில் தொங்கிக் காட்டுக்குள் இறங்கியிருக்கிறானாம், தோட்டத்துத் துரைமாரைப் போல உடுத்திக்கொண்டு திரிகிறானாம், பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாமல் ஓடுகிறானாம்.

"பாத்தயா?" என்றார் கனகசிங்கம். "வெள்ளத் தோல் காப்பாத்துமெண்டு நினைச்சம். இப்ப அதுதான் எமன்."

ஆதம்பாவா கொட்டகைக்குள் போய் லோகனின் முன்னால் நின்று கைகளை உயர்த்தினான். புதிய ஆட்கள், உங்களைத் தெரியாது, பயந்து போயிருக்கிறார்கள், சில நாளுக்கு ஓடாதீர்கள்.

லோகன் கையைத் துணியால் துடைத்தார். பதினைந்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் சொன்னார்.

"இந்தத் தடவை எதை ஒளிக்கப் போகிறாய்?"

திங்கட்கிழமை பள்ளிவாசலில் விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்கு நிற்காமல், வீட்டிலேயே தொழுதுவிட்டு, ஆதம்பாவா சைக்கிளில் தோட்டத்துக்கு வந்தான். லோகன் புறப்பட்டு ஐம்பது அடி போனதும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஓடினான். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார் என்பது அவனுக்குத் தெரியும். காலடிச் சத்தம் அவரைத் தொடாது. அப்படி ஒருவரைப் பின்தொடர்வது களவு போல இருந்தது. என்றாலும் ஓடினான்.

மதகு கறுப்பாகத் தெரிந்தது. அங்கிருந்து ஒரு குரல் வந்தது. லோகன் ஓடிக்கொண்டிருந்தார். ஆதம்பாவா காலை எட்டிப் போட்டான். மறுபடியும் குரல், இந்தத் தடவை உடைந்த குரல், பயந்த பிள்ளையினுடையது போல. அந்த நேரத்தில் லோகன் தாம் வழக்கமாகத் திரும்பும் மைல்கல்லைத் தொட்டு, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பினார். மூன்றாவது குரல் வரவில்லை. ஆதம்பாவா வாவியோரக் கண்டல் பற்றைக்குள் பாய்ந்து, சேற்றில் முழங்கால் புதைய, அவர் கடந்து போகும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அன்று அவன் அவரிடம் சொன்னான்: இரண்டு தரம் கூப்பிட்டார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பின்னால் இருந்தேன்."

லோகனின் முகம் சிவந்தது. "என் பின்னால் நிறையப் பேர் தகரம் தட்டியிருக்கிறார்கள்" என்றார். முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு அவரிடம் சொல்ல வழியில்லை.

வீட்டில் சித்தி நபீஸா அவன் காலில் கண்டல் வேர் கீறிய காயத்துக்கு மஞ்சள் பூசினாள். "நாளைக்கும் போறயளா?"

"ஓம்."

"துவக்குக்கு முன்னால நிண்டு எந்தப் பாசையில சொல்லப் போறீங்க?"

அவன் காலை இழுத்துக்கொண்டான். அவள் மஞ்சள் கிண்ணத்தை மூடி வைத்தாள். விளக்கைக் குறைத்துவிட்டுப் பிள்ளைகளின் பக்கத்தில் போய்ப் படுத்தாள். ஆனால் நித்திரை கொள்ளவில்லை என்பது மூச்சில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை வாவியில் இருந்து பனிப்புகார் எழுந்து றோட்டை மூடியிருந்தது. லோகனின் வெள்ளைப் பெனியன் மட்டும் முன்னால் மிதந்து போனது. மைல்கல்லுக்கு இன்னும் நூறு பாகம், அறுநூறு அடி, இருக்கிறது என்று ஆதம்பாவா மனதுக்குள் அளந்துகொண்டிருந்தபோது, குரல் மிகக் கிட்டக் கேட்டது. முந்திய நாள் நடந்ததற்குப் பிறகு காவலை மதகுக்கு இந்தப் பக்கம் தள்ளிப் போட்டிருந்தார்கள். அதை ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஒன்று.

ஆதம்பாவா கத்தினான். "காது கேக்கா! அவருக்குக் காது கேக்கா! டெப்! டெப்!"

அவன் கத்தியிருக்கக் கூடாது. ஓர் ஆள் ஓடி வருகிறான் என்று நினைத்த சிப்பாய்க்கு இப்போது புகாருக்குள் இரண்டு பேர். துவக்கின் பூட்டு இழுபடும் சத்தம் கேட்டது. குரல் இரண்டாம் முறை வந்தது.

ஆதம்பாவா ஓடினான். அவருக்கும் அவனுக்கும் இடையில் நாலு பாகம். அவருடைய ஓட்டம் அவனுக்கு ஒருநாளும் எட்டியதில்லை. மூன்று பாகம். தோளைத் தொட்டால் நிற்பார். கை எட்டவில்லை. பெனியனின் முதுகில் வேர்வைக் கோடு தெரிந்தது. அது ஓர் இலக்கைப் போல இருந்தது.

மூன்றாவது குரல் தொடங்கியதும் அவன் இரண்டு காலையும் முன்னால் நீட்டி, பக்கவாட்டாக மணலில் சறுக்கி, பின்னாலிருந்து அவர் கால்களை வாரினான்.

எலும்பு முறிந்த சத்தமும் வெடிச் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்டன. எது முந்தியது என்று அவனால் பிறகும் சொல்ல முடியவில்லை. லோகன் முகம் குப்புற விழுந்தார். சன்னம் எங்கோ வாவித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

சப்பாத்துச் சத்தங்கள் ஓடிவந்தன. டோர்ச் வெளிச்சம் கண்ணில் அடித்தது. ஆதம்பாவா எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தினான். துவக்கின் வாய் அவன் நெஞ்சில் வந்து நின்றது. அதைப் பிடித்திருந்தவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. துவக்கு நடுங்கியது. அந்த நடுக்கம் ஆதம்பாவாவின் விலா எலும்பில் தெரிந்தது.

லோகன் மணலில் புரண்டு திரும்பினார். அவர் முதலில் கண்டது ஆதம்பாவாவை. வெடியை அவர் கேட்டிருக்கவில்லை. அவருக்குப் பின்னால், தலைமாட்டில் நின்ற இரண்டாவது சிப்பாயை அவர் காணவில்லை. அவர் அறிந்ததெல்லாம் தன் காலைப் பின்னாலிருந்து வாரியவன் யார் என்பதுதான். வலியில் முகம் கோணியிருக்க, நெஞ்சின் மேல் இரண்டு கையையும் சேர்த்து ஒரே கேள்வியைக் கேட்டார்.

"ஏன்?"

பதில் சொல்ல ஆதம்பாவாவுக்கு இரண்டு கையும் வேண்டும். இரண்டும் தலைக்கு மேலே இருந்தன. இறக்கினால் நெஞ்சில் இருக்கும் துவக்கு வெடிக்கும். அவன் வாயைத் திறந்து ஏதோ சொன்னான். அதை அந்த இடத்தில் விளங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை.

லோகன் கோபத்தில் ஒரு சத்தம் போட்டார். சொல்லில்லாத, தொண்டையில் இருந்து வரும் அந்தச் சத்தத்துக்குத் தோட்டத்தில் எல்லாரும் பழகியிருந்தார்கள். சிப்பாய்கள் பழகியிருக்கவில்லை. தலைமாட்டில் நின்றவன் துவக்கைத் தோளுக்கு உயர்த்தினான். லோகன் முழங்கையை ஊன்றி எழும்ப முயன்றார்.

இன்னும் ஓர் அசைவு, அவ்வளவுதான். ஆதம்பாவா உயர்த்திய கைகளை இறக்காமல் தலைக்கு மேலேயே மெல்லச் சேர்த்தான். ஒரு முட்டியின் மேல் மற்ற முட்டியை வைத்தான். முதல் எழுத்து. முன்னால் நின்றவன் ஏதோ அலறினான். ஆதம்பாவா வலக்கை விரலால் இடக்கைச் சின்ன விரலின் நுனியைத் தொட்டான். இரண்டாவது எழுத்து. துவக்கின் மட்டை அவன் முழங்கையில் விழுந்தது. கை மரத்துப் போனது. மரத்த கையின் உள்ளங்கையில் மற்றக் கையின் இரண்டு விரலைப் பதித்தான். மூன்று இங்கிலீசு எழுத்து. துவக்கு.

லோகன் வாசித்தார். மிக மெதுவாகத் தலையைத் திருப்பி, தனக்கு மேலே இருந்த இரும்பைப் பார்த்தார். மணலில் மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் விரித்து உயர்த்தினார்.

விடியும் வரை அப்படியே வைத்திருந்தார்கள். ஒருவன் நின்றபடி, ஒருவர் கிடந்தபடி, நாலு கையும் மேலே. ஒருவரோடு ஒருவர் பேச வழியில்லை. வெளிச்சம் வந்தபின் ஹவில்தார் வந்து இருவரையும் உற்றுப் பார்த்தான். சட்டைப் பையில் இருந்து கனகசிங்கத்தின் கடிதத்தை எடுத்து, முதல் தடவையாகப் பிரித்து, இங்கிலீசு தெரிந்த லொறிக்காரன் ஒருவனிடம் நீட்டினான். அவன் வாசிக்க வாசிக்க ஹவில்தார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். காலை உயர்த்தி, கட்டிலின் கால்மாட்டில் கயிறும் பாரமும் கட்டித் தொங்கவிட்டார்கள். நடப்பார், ஆனால் இனி ஓடமாட்டார் என்றார் டொக்டர். ஆதம்பாவா செவ்வாயும் புதனும் கட்டிலடியில் இருந்தான். லோகன் அவனைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். பேச விருப்பமில்லாத ஒருவர் காதைப் பொத்தலாம். அவர் கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்கு முன்னால் ஆதம்பாவாவின் கைகள் ஒன்றுக்கும் உதவவில்லை. சன்னம் போனது, மூன்று தரம் கூப்பிட்டது, தோள் எட்டாமல் போனது எல்லாம் அவனிடமே கிடந்தன. உண்மையில் தோள் எட்டியிருக்காதா? இன்னும் ஓர் எட்டு வைத்திருந்தால்? அதை அவன் தன்னிடமே நூறு தரம் கேட்டான்.

வியாழக்கிழமை காலை, வெயில் ஏறிய நேரம், சன்னல் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. அடுத்து கடல் பக்கமிருந்து ஓர் உறுமல். இரண்டாவது உறுமலுக்கு ஒரு தாதி கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள். "குண்டு! குண்டு!" என்று யாரோ தாழ்வாரத்தில் ஓடினார்கள். நடக்கக் கூடியவர்கள் எல்லாம் எழுந்தார்கள். தலையில் கட்டுப் போட்ட ஒரு கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். "வெளிய வாங்க, வெளிய வாங்க, கூரை விழும்" என்று ஒரு குரல். "கட்டிலுக்குக் கீழ போங்க" என்று இன்னொரு குரல். கொஞ்ச நேரத்தில் அந்த நீண்ட மண்டபத்தில் லோகனும் ஆதம்பாவாவும் மட்டும் இருந்தார்கள்.

லோகனின் கை கட்டிலின் இரும்புக் கம்பியில் இருந்தது. அவர் கண்ணைத் திறந்தார். வெறுமையான கட்டில்களைப் பார்த்தார். ஆதம்பாவாவைப் பார்த்தார்.

"இயந்திரமா?" என்று கேட்டார்.

"இல்லை. கடலில் குண்டு போடுகிறார்கள்."

லோகன் கயிற்றில் தொங்கிய தன் காலைப் பார்த்தார். பாரத்தை அவிழ்த்து அவரைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று ஆதம்பாவா கயிற்றின் முடிச்சைத் தடவினான். கட்டியவரைத் தவிர வேறு ஒருவராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு. ஓடியிருக்கக் கூடிய காலை முறித்தவன் அவன்.

"போ" என்றார் லோகன். "உனக்கு நாலு பிள்ளை."

ஏறாவூர் எட்டு மைலுக்கு மேல். சித்தி நபீஸா பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோயிருப்பாள், அல்லது கொண்டுபோயிருக்க மாட்டாள். ஆதம்பாவா கதவு வரைக்கும் போனான். வெளியே வெயிலில் சனம் வாவிப் பக்கமும் கடல் பக்கமுமாக இரண்டு திசையிலும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில், லோகன் தன் கைகளைப் பார்க்கக் கூடிய இடத்தில் உட்கார்ந்தான்.

கட்டில் கம்பி மறுபடியும் நடுங்கியது.

"எவ்வளவு தூரம்?"

"தூரம். கடலுக்குள்."

"இப்போது?"

"இப்போது ஒன்றும் இல்லை." பிறகு, "மறுபடியும். இரண்டு. மூன்று."

லோகன் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் கையைக் கம்பியில் வைத்து, கண்ணைக் கொட்டாமல் அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு சத்தம் வந்தது. இது கடலில் இருந்து வரவில்லை. மேலே, எங்கோ, வண்டு இரைவது போலத் தொடங்கித் தடித்துக்கொண்டு வந்தது. அது இன்னும் கம்பிக்கு எட்டவில்லை. ஆதம்பாவாவின் முகத்தில்தான் லோகன் அதை முதலில் கண்டார்.

"என்ன?"

"விமானம்."

"யாருடையது?"

ஆதம்பாவா தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். அதைக் காதால் அறிய முடியாது. "தெரியாது" என்றான்.

லோகன் கம்பியை இறுக்கிப் பிடித்தார். மற்றக் கையால், நிறுத்தாதே, சொல்லிக்கொண்டிரு என்று சைகை காட்டினார்.

ஆதம்பாவா சொல்லிக்கொண்டிருந்தான். கிட்ட வருகிறது. இன்னும் கிட்ட.